‘உனக்குத் தண்ணி வேணுமா?’: ஸ்ரீராமபுரத்துச் சிறுவன் ஒருவனின் பேச்சு குறித்த நிகழ்வு ஆய்வு

வந்த நிலை

பேச்சுப் பயிற்சிக்காக முதன்முதலாக என்னிடம் அழைத்து வரப்பட்டபோது, ஆட்டிசம் உள்ள இந்தச் சிறுவனுக்கு வயது 5 ஆண்டு 4 மாதம். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் மூன்று தலைமுறையாக வசித்துவரும் தமிழ்க் குடும்பம் அது. அப்பா பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அம்மா கார்மெண்ட்ஸ் வேலையில் இருந்து, மகனுக்காக அதை விட்டவர். அப்பாவின் தாயார் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘ஆயா’. அக்காள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் உள்ள அந்த வீட்டின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மெட்ரோ பச்சை வழித்தடத்தின் மேம்பாலம் தெரியும். சிறுவனின் மாலைப்பொழுது பெரும்பாலும் அங்கேதான் கழிகிறது.

கையோடு கொண்டுவந்த பரிந்துரைச் சீட்டில், பொருளற்ற திரும்பச் சொல்லல், ‘நான்–நீ’ குழப்பம், சொன்னபடி செய்யாமை என மூன்று குறைகள் எழுதப்பட்டிருந்தன. அம்மா அதையே வேறு விதமாகச் சொன்னார்: “பேசறான் மேடம், ஆனா பேசலை.” எட்டு மாத வேலைக்குப் பிறகும், இந்தப் பிரச்சினையை அந்த நான்கு சொற்களைவிடச் சரியாக நான் எங்கும் எழுதவில்லை.

பெற்றோரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முன்கதை

மூன்று வயதில் பேச்சு தாமதமானபோது முதலில் செவித்திறனைச் சோதித்திருக்கிறார்கள். பெரா (BERA) என்ற செவிப் பரிசோதனையில் காது நன்றாகக் கேட்பது உறுதியாயிற்று. 3 வயது 8 மாதத்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டது. இந்தியாவில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகப் பயன்படுத்தப்படும் ‘ஐசா’ (ISAA) அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரமானது. அதற்கும் மேல் கடுமையானது. இவனுக்கு 96. ‘லேசானது’ என்ற அந்தச் சொல் குடும்பத்துக்கு ஆறுதலைவிடத் தொந்தரவையே அதிகம் தந்தது, ஏனென்றால் லேசானது என்றால் சீக்கிரம் சரியாகிவிடும் என்று உறவினர்கள் எடுத்துக்கொண்டார்கள். சரியாகாதபோது அம்மாவைக் கேட்டார்கள். கைப்பேசியைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்தவள் என்ற பெயர் அவருக்கு வந்து சேர்ந்தது.

இந்த நிலைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ‘மதியிறுக்கம்’ என்கிறார்கள், தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றும் இருக்கிறது. சம்பிகே ரோட்டிலிருந்து ஜாலஹள்ளி வரை நிலையங்களை வரிசை தவறாமல் சொல்லும் குழந்தையைப் புற உலகச் சிந்தனை அற்றவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

நான்கு வயதில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் சேர்த்தார்கள். அதே சமயத்தில் பள்ளியிலும். இரண்டு இடத்திலும் ஒரே அறிவுரை கிடைத்தது: வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள். பள்ளி சொன்ன காரணத்தில் ஒரு கணக்கு இருந்தது. பயிற்றுமொழி ஆங்கிலம், 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டத்தின்படி கன்னடமும் கட்டாயம், மூன்று மொழிகளை இந்தக் குழந்தை தாங்காது, எனவே விடக்கூடியது தமிழ் ஒன்றுதான். குடும்பம் அதைப் பதினான்கு மாதம் கடைப்பிடித்தது. அக்கறையோடும் பயத்தோடும் கடைப்பிடித்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் கேட்டது

இரண்டாவது வாரத்தில் வீட்டுக்குச் சென்று, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் 20 நிமிடம் ஒலிப்பதிவு செய்தேன். அம்மா மகனிடம் பேசியவை 61. அவற்றில் 52 கட்டளைகள்: சிட், கம், ஈட், நோ, லுக், ஓபன். அவர் பத்தாவது வரை படித்தவர். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது கட்டளையும் பொருட்பெயரும்தான். கொஞ்சுவதற்கும் கேலி செய்வதற்கும், நேற்று நடந்ததைச் சொல்வதற்கும், காக்காய் வந்து வடையைத் தூக்கிய கதைக்கும் அவரிடம் ஆங்கிலம் இல்லை. தமிழை நிறுத்தினால் அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து உட்காரும் என்று அறிவுரை சொன்னவர்கள் நினைத்திருக்கக்கூடும். வந்து உட்கார்ந்தது அதட்டல் மட்டுமே.

ஒலிப்பதிவில் ஆயாவின் குரல் ஒருமுறைகூட இல்லை. கேட்டபோது சொன்னார்: “நான் வாயைத் தொறந்தா புள்ளைக்குப் பேச்சு வராதுன்னாங்க. அதான் கம்முனு இருக்கேன்.” பகலில் எட்டு மணிநேரம் குழந்தையோடு இருப்பவர் அவர்தான்.

இந்த அறிவுரைக்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. ஹாம்ப்ளி, ஃபோம்போன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை ஒப்பிட்டு, இருமொழிச் சூழலில் வளர்ந்தவர்களுக்கு ஒருமொழிச் சூழலில் வளர்ந்தவர்களைவிடக் கூடுதல் மொழித் தாமதம் காணப்படவில்லை என்று எழுதினார்கள். அதன் பிறகு வந்தவையும் அந்தத் திசையிலேயே இருக்கின்றன. இதை நான் ஆயாவிடம் ஆய்வின் பெயர் சொல்லியெல்லாம் விளக்கவில்லை. “நீங்க பேசணும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு பேசணும்” என்று மட்டும் சொன்னேன். “நெசமாவா?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்விட்டார்.

நான் செய்த தவறு

சிறுவனுக்குத் தாகம் எடுத்தால் ‘உனக்குத் தண்ணி வேணுமா?’ என்பான். வீட்டில் தமிழை நிறுத்துவதற்கு முன்னால் ஆயா அவனிடம் கேட்ட கேள்வி அது, அதே ஏற்ற இறக்கத்தோடு. மருத்துவக் குறிப்புகளில் எக்கோலேலியா என்று எழுதப்படும் எதிரொலிப் பேச்சு இதுவே. லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்தப் பழக்கமும், தன்னை ‘நீ’ என்று சொல்லிக்கொள்வதும் பதிவாகியிருக்கின்றன. நீண்ட காலம் இது அழிக்க வேண்டிய பிழை என்றே கருதப்பட்டது. 1981இல் பிரிசான்ட், டுச்சன் என்ற இருவர், ஆட்டிசம் உள்ள நான்கு குழந்தைகளை ஒளிப்பதிவு செய்து, எதிரொலிப் பேச்சு ஏழு வகையான காரியங்களுக்குப் பயன்படுவதை எடுத்துக் காட்டினார்கள்; முறை வைத்துப் பேசுவதற்கும், ஆமென்று சொல்வதற்கும், கேட்டு வாங்குவதற்கும்கூடக் குழந்தைகள் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள்.

இதையெல்லாம் படித்திருந்தும், மூன்றாவது வாரத்தில் நான் ‘உனக்கு’ என்பதை ‘எனக்கு’ என்று திருத்த முனைந்தேன். தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் ‘எனக்கு’ என்று சொல்லும் வரை காத்திருந்தேன். நான்காவது முறை சொன்னான். குறிப்பேட்டில் ‘முன்னேற்றம்’ என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அடுத்த வாரம் அம்மா வந்து, பிள்ளை தண்ணீரே கேட்பதில்லை என்றார். குழாயடியில் போய் நிற்கிறான், யாரும் பார்க்காவிட்டால் திரும்பி வந்துவிடுகிறான், சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது என்றார். கேட்பதற்கு அவனிடம் ஒரே ஒரு வழி இருந்தது; அதை நான் தேர்வாக மாற்றிவிட்டேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் மணிக்கொருதரம் தண்ணீர் கொடுக்கச் சொன்னோம். பழைய வாக்கியம் திரும்பி வரப் பதினொரு நாள் ஆயிற்று. அது வந்த அன்று அம்மா எனக்கு தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அதைப் பிழை என்று யாரும் சொல்லவில்லை.

தமிழ் தரும் வசதி

அதன் பிறகுதான், முன்பே பார்த்திருக்க வேண்டிய ஒன்றைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு குழந்தை தன் தேவையைச் சொல்ல ‘ஐ’ என்று தொடங்கியாக வேண்டும். தமிழில் அந்த அவசியம் இல்லை. ‘தண்ணி வேணும்’ என்பது முழு வாக்கியம். பசிக்குது, வலிக்குது, போதும், வேணாம், பிடிக்கலை, முடியலை, தெரியாது ஆகிய எல்லாமே அப்படித்தான்: யாருக்கு என்று சொல்லாமலே நிற்கும், எனக்கு என்றாலும் உனக்கு என்றாலும் வினை மாறாது. ஒரு சிறு குழந்தை தன் உடம்பையும் மனதையும் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த வினைகளுக்குள் அடங்கிவிடுகிறது. ‘நான்–நீ’ மாற்றத்தில் தடுமாறும் குழந்தைக்கு அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போக இவனுடைய வீட்டு மொழியிலேயே வழி இருந்தது. அந்த மொழியைத்தான் பதினான்கு மாதம் மூடி வைத்திருந்தார்கள்.

ஆகவே இலக்கை மாற்றினோம். ‘உனக்குத் தண்ணி வேணுமா’ என்பதற்கும் ‘தண்ணி வேணும்’ என்பதற்கும் இடையில் இருப்பவை முன்னால் ஒரு சொல், பின்னால் ஓர் ‘ஆ’. அவனைத் திருத்துவதில்லை, பெரியவர்கள் தங்கள் பேச்சை மாற்றுவது என்று முடிவாயிற்று. இது எளிதல்ல, ஏனென்றால் நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் கேள்வியாகவே வெளிப்படுகிறது: சாப்டியா, தூங்கலாமா, வலிக்குதாடா கண்ணு. கேள்வியைக் கேட்டு வளரும் எதிரொலிக் குழந்தை கேள்வியாகவே பேசும்.

வழி காட்டியவர் ஆயா. பேச்சு வராத கைக்குழந்தைக்குப் பதிலாகத் தானே பேசுவது பாட்டிகளுக்குப் புதிதல்ல. “பசிக்குதா கண்ணு?” என்று கேட்டுவிட்டு, சற்று நிறுத்தி, குரலை மாற்றி, “பசிக்குது ஆயா, இட்லி வேணும்” என்று அவரே அவன் பக்கத்திலிருந்து பதிலும் சொன்னார். நான் பயிற்சியாக வடிவமைத்திருந்தால்கூட இவ்வளவு இயல்பாக இருந்திருக்காது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் கற்றுக்கொடுத்த கூடுதல் விஷயம் ஒன்றே: சொன்ன பிறகு மனதுக்குள் பத்து எண்ணும் வரை சும்மா இருப்பது. அப்பாவுக்கு நான்கைத் தாண்டுவது பெரும்பாடாக இருந்தது.

இலக்கை மாற்றிய ஐந்தாவது வாரம் ‘தண்ணி வேணுமா’ ஆயிற்று. ஏழாவது வாரம், தட்டில் பார்வையை வைத்தபடி, தாழ்ந்த குரலில், ‘தண்ணி வேணும்.’

அக்காளின் நோட்டு

எதிரொலிப் பேச்சுக்கு அகராதி கடையில் கிடைக்காது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகத் தொகுக்க வேண்டும். நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு கொடுத்தேன்: என்ன சொன்னான், எங்கே கேட்டது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, பிறகு என்ன செய்தான். எழுதும் பொறுப்பை அக்காள் எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. தமிழ் வாக்கியங்களைக் கன்னட எழுத்தில் எழுதினாள். எனக்கு அதை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது என்றாலும் ஒரு லாபம் இருந்தது. கன்னடத்தில் ‘க’, ‘ப’ போன்றவற்றின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு என்பதால் தம்பி உச்சரித்தது அப்படியே பதிவாயிற்று.

‘மெதுவா, மெதுவா, சுடும்’ என்பது ஆயா தோசை ஊட்டும்போது சொல்வது. குக்கர் விசிலடித்தாலும், மிக்ஸி ஓடினாலும், பள்ளியில் காலைக் கூட்டம் நடந்தாலும் அவன் இதைச் சொல்லிக் காதைப் பொத்தியிருக்கிறான். பள்ளியில் ஆசிரியை பயந்துபோய் அவன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம், எங்கே சுட்டது என்று. அவனுக்கு ‘சுடும்’ என்றால் தாங்க முடியவில்லை என்று பொருள்.

‘குட் ஜாப்’ என்பது முந்தைய மையத்தில் கேட்டது. அழும்போதுதான் அதைச் சொல்வான். ஒவ்வொரு பயிற்சியும் முடியும்போது அந்தச் சொல் வந்ததால், முடிந்துவிட வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் அதையே சொல்லக் கற்றிருக்கிறான். இந்த வரியை நோட்டில் படித்த அன்று அம்மா வெகுநேரம் பேசவில்லை.

‘முந்தின நில்தாண’ என்பது மெட்ரோ ரயிலின் கன்னட அறிவிப்பு. ஒரு வேலை முடிந்து அடுத்ததற்குப் போகலாம் என்றால் இதைச் சொல்வான். கன்னடத்தில் இதற்கு ‘அடுத்த நிலையம்’ என்று பொருள். தமிழ்க் காதுக்கோ ‘முந்தின’ என்பது கடந்துபோனது. ஆயா மெட்ரோவில் அதிகம் போனதில்லை. பேரன் எதையோ திரும்ப வேண்டும் என்கிறான் என்று நினைத்து, முடித்து வைத்த விளையாட்டையே மறுபடி எடுத்து நீட்ட, அவன் அலறியிருக்கிறான். மூன்று மொழிச் சுமை பற்றி எச்சரித்தவர்கள் இப்படியொரு குழப்பத்தை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இதில் குழம்பியவர் பெரியவர்தான். அவன் கன்னடச் சொல்லைக் கன்னடப் பொருளிலேயே ஆண்டிருக்கிறான்.

பள்ளியும் சான்றிதழும்

பள்ளியில் முதலில் சிறப்புப் பள்ளிக்கு மாற்றச் சொன்னார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவையான வசதி செய்துதர வேண்டும் என்கிறது. அப்பா சட்டத்தைக் காட்டிச் சண்டை போடத் தயாராக இருந்தார். நான் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி, நோட்டிலிருந்து எட்டு வாக்கியங்களை மட்டும் எடுத்து, அவன் சொல்வது, அதன் பொருள், நாம் செய்ய வேண்டியது என ஒரே பக்கத்தில் கன்னடத்தில் எழுதி வகுப்பாசிரியையிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ‘சுடும்’ என்ற வரியைப் படித்துவிட்டு, “அன்னைக்கு நான் கையைப் பார்த்தேனே” என்று கன்னடத்தில் சொன்னார். மறுநாளிலிருந்து காலைக் கூட்டத்தில் அவனுக்குக் கடைசி வரிசையில் இடமும், காதை மூடும் ஹெட்போனும் கிடைத்தன. ஒரு பாடம் முடிந்து அடுத்ததைத் தொடங்கும்போது வகுப்பு முழுவதற்கும் ‘முந்தின நில்தாண’ என்று அறிவிக்கும் வழக்கத்தையும் அவரே தொடங்கினார். முப்பத்தைந்து பிள்ளைகளும் ரயில் போல ஓசை எழுப்புகிறார்களாம். அந்த ஓசை மட்டும் அவனுக்குச் சுடுவதில்லை.

சான்றிதழில் அப்பாவுக்குத் தயக்கம் இருந்தது. “வாங்கிட்டா நாளைக்கு இவனுக்கு யாரு மேடம் வேலை குடுப்பாங்க?” என்றார். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு என்பதையும், மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கும் என்பதையும் சொன்னேன். அவரை அசைத்தது இவை அல்ல. பட்டறையில் உடன் வேலை செய்பவர் ஒருவர் தன் மகளின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாராம். அடுத்த வாரமே அந்த யூடிஐடி அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டார்.

மாறாதவையும் உண்டு. முடி வெட்டுவது இன்றும் இருவர் பிடித்துக்கொண்டு நடத்தும் போராகவே இருக்கிறது. உறங்கும்போது வெட்டிப் பார்த்ததில் அவன் தூக்கமே கெட்டது, அதை விட்டுவிட்டோம். பள்ளிக் கழிப்பறைக்கு இன்னும் போவதில்லை. அக்காளைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருந்தது; நோட்டின் பொறுப்பில் அவள் தன் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டுத் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரத்துக்குப் பிறகு எழுதும் வேலையை அம்மா வாங்கிக்கொண்டார். அக்காளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அம்மா வாரத்தில் இரண்டு பிற்பகல் தெரிந்த தையல் கடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். அந்த நேரத்தில் ஆயா பேரனோடு பேசிக்கொண்டே இருக்கிறார்.

எட்டாவது மாத இறுதியில் ஆயா ஒரு துக்கத்துக்காகக் கிருஷ்ணகிரிக்குப் போய் ஆறு நாள் தங்கினார். மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. சிறுவன் மொட்டை மாடியில் மேம்பாலத்தைப் பார்த்தபடி, “ஆயா முந்தின நில்தாண” என்றான். இந்தச் சேர்க்கையை இதற்கு முன் யாரும் அவனிடம் சொன்னதில்லை. அம்மா, ஆயா எப்போது வருவார் என்று கேட்கிறான் என்றார். அப்பா, ஆயா நம்மை விட்டு முன்னால் போய்விட்டாள் என்கிறான் என்றார். ஊர் திரும்பிய ஆயா, தான் ஒரு ஸ்டேஷன் பின்னால் இருப்பதாகவும் வந்துகொண்டிருப்பதாகவும் பேரன் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான் என்று அடித்துச் சொல்கிறார். நோட்டில் ‘எங்கே கேட்டது’ என்ற கட்டத்தில் அக்காள் ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு அதை அடித்துவிட்டு, கன்னட எழுத்தில், ‘எங்கியும் கேக்கலை’ என்று எழுதியிருக்கிறாள்.